கொழும்புப் பத்திரிகையாளர் வாழ்வில் சிரிப்பு வந்த தருணங்கள்: மட்டக்களப்பு, அம்பாறை அன்பர்கள் பகிர்வீர்களா?

வாவிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பின் கல்லடியில் பிறந்து வளர்ந்த நான், ஏழு ஆண்டுகளாகக் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் பணிபுரிந்து வருகின்றேன். அடுத்த மாதம் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தமது உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் பத்திரிகைத் தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுமாறு எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியை கேட்டிருக்கின்றார். "பயமுறுத்தாமப் பேசுங்க மகள், பேப்பர் வேலை எண்டா இஞ்ச தாய்மார் வேணாமெண்டுதான் சொல்லுதுகள்" என்று அவர் தொலைபேசியில் சொன்ன வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை.

அந்தத் தாய்மாரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கின்றது. அதை நான் பிள்ளைகளிடம் மறைக்கப் போவதில்லை. ஆயினும், நாள் முழுவதும் விபத்தையும் ஆர்ப்பாட்டத்தையும் அமைச்சர்களின் உரைகளையும் எழுதிக்கொண்டிருக்கும் எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள்கூடச் சிரிப்பில்லாமல் முடிந்ததில்லை என்பதும் அதே அளவு உண்மை. எங்கள் ஊர்ச் செய்தி முந்நூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கு வந்து சேரும்போது ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொண்டுவிடும்; அந்த இடத்தில்தான் பெரும்பாலும் சிரிப்புப் பிறக்கின்றது.

ஓர் உதாரணம் சொல்கின்றேன். "மட்டக்களப்புக் கச்சேரியில் விவசாயிகள் திரண்டனர்; மூன்று மணி நேரம் நீடித்தது" என்ற தலைப்பில் எங்கள் இணையப் பதிப்பில் ஒரு செய்தி வெளியானது. மறுநாள் சென்னையிலிருந்து ஒரு முதியவர் மிகுந்த மரியாதையுடன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். விவசாயிகள் இசையில் இத்தனை ஈடுபாடு காட்டுவது தமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகவும், ஆனால் பாடியவர் யார், வயலின் யார், மிருதங்கம் யார் என்பவற்றை நிருபர் குறிப்பிடாமல் விட்டது குறையே என்றும் அவர் எழுதியிருந்தார். செய்தி ஆசிரியர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். பக்க வடிவமைப்புப் பகுதியிலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து கேட்டார்கள். பிறகு அவரே அமர்ந்து, ஆங்கிலேயர் காலத்திலிருந்து அரசாங்க அதிபரின் பணிமனையை நாம் கச்சேரி என்று அழைக்கின்றோம் என்பதையும், மட்டக்களப்புக் கச்சேரி நீண்ட காலம் இயங்கியது போர்த்துக்கேயர் 1628 இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள்ளேதான் என்பதையும் விளக்கிப் பதில் எழுதினார். முதியவர் நன்றி தெரிவித்து, அந்தக் கோட்டையின் படம் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இன்னொன்று, கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த என் தோழியைப் பற்றியது. மட்டக்களப்புக்குப் போகிறவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள், அதாவது மந்திரத்தால் மயக்கித் திரும்பிப் போக விடமாட்டார்கள், என்ற பழைய பேச்சை அவளுடைய அம்மம்மா உறுதியாக நம்புகின்றவர். தோழி ஒரு முறை செய்தி சேகரிக்கக் கல்லடிக்கு வந்தபோது எங்கள் வீட்டில் தங்கினாள். மீன் குழம்பும் எருமைத் தயிரும் போட்டுச் சாப்பிட்ட பிறகு, என் அம்மா மண்டபத்தில் ஒரு பன்பாயை விரித்து, "வெயில் தாழப் போகலாம், ஒள்ளம் சரிஞ்சிரு மகள்" என்றார். வாவிக்காற்றில் அவள் கண்விழித்தபோது மாலை ஐந்தரை மணி; அவள் போக வேண்டிய ஊடக மாநாடு முடிந்துவிட்டிருந்தது. அதே நேரம் அம்மம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. "எங்க பிள்ளை நிக்கிறாய்?" என்ற கேள்விக்கு அவளால் சொல்ல முடிந்த உண்மையான பதில், "பாயிலதான் இருக்கிறன் அம்மம்மா" என்பதுதான்.

என் கேள்வி இரண்டு. கொழும்பிலோ கொழும்புக்காகவோ பத்திரிகைப் பணி செய்தவர்களும் அவர்களின் குடும்பத்தாரும், இத்தகைய நாளாந்தச் சம்பவங்களைப் பகிர்ந்துகொள்வீர்களா? மேலும், யாருடைய மனமும் நோகாமல் இவற்றைப் பிள்ளைகளிடம் சொல்வதற்கு எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும்?

களுவாஞ்சிகுடி நிருபர் எழுதியது:

தங்கச்சி, உங்கள் ஆசிரியைக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கொழும்புப் பத்திரிகைகளுக்குப் பிராந்திய நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன். கையால் எழுதிய செய்தியைக் கடித உறையிலிட்டுக் கொழும்பு பஸ்ஸின் நடத்துநரிடம் ஒப்படைத்த காலமும், தொலைநகலுக்காக நகரத்துக்குச் சைக்கிளில் போன காலமும், இப்போது கைப்பேசியில் நொடியில் அனுப்புகின்ற காலமும் எனக்குத் தெரியும். எல்லாக் காலத்திலும் செய்தி ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "பொத்துவில் உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாதா?" என்பது. மட்டக்களப்பு நகரிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் என்று நான் சொல்லும்போதெல்லாம் மறுமுனையில் வரைபடத்தை விரிக்கும் சத்தம் கேட்கும்.

எங்கள் பகுதியில் தேர்தல் காலத்தில் செய்தி எழுதுவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு நீங்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். தமிழரசுக் கட்சிக்கு வீடு, முஸ்லிம் காங்கிரசுக்கு மரம், தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சிக்குப் படகு, ஐக்கிய தேசியக் கட்சிக்கு யானை, அக்கரைப்பற்றுப் பக்கம் தேசிய காங்கிரசுக்குக் குதிரை என்று, நம் மண்ணில் நாள்தோறும் கண்ணில் படுகின்ற பொருள்களில் பாதி, தேர்தல் சின்னங்களாகிவிட்டன. வீடும் மரமும் படகும் யானையும் இல்லாமல் மட்டக்களப்பில் எந்தச் செய்தியை எழுதுவது?

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன்னர், மழையோடு வீசிய காற்றில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு முதிரை மரம் முறிந்து விழுந்தது. "மரம் வீட்டின்மீது சாய்ந்தது, எவருக்கும் பாதிப்பில்லை" என்று அனுப்பினேன், அப்படியே அச்சானது. காலை ஏழு மணிக்கு முதல் அழைப்பு. "பாதிப்பில்லை எண்டு போட்டது சரி, ஆனா மரம் எப்ப எங்கட மேல சாஞ்சது?" என்று வீட்டுக்காரக் கட்சி அன்பர் கேட்டார். பத்து நிமிடத்தில் காத்தான்குடியிலிருந்து என் பழைய நண்பர் ஒருவர், மரம் சாயவில்லை, நிமிர்ந்துதான் நிற்கின்றது, திருத்தம் போட வேண்டும் என்றார். மூன்றாவதாக அழைத்தவர் உண்மையிலேயே கூரை உடைந்த வீட்டின் சொந்தக்காரர்; நட்டஈட்டு விண்ணப்பத்துடன் இணைத்துக் கிராம சேவகரிடம் கொடுப்பதற்கு இரண்டு பிரதி வேண்டும் என்று கேட்டார். மூவருக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, அடுத்த நாளுக்கான தொடர்செய்தியில் குழப்பம் வராதபடி, "முதிரை மரம் விழுந்ததில் ஓட்டு வீடொன்று சேதம்" என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் கொழும்பிலிருந்து இளம் உதவி ஆசிரியர் ஒருவர் அழைத்து, "ஐயா, ஓட்டு வீடு என்றால் எந்தக் கட்சி வீடு?" என்று கேட்டார். ஓடு போட்ட வீடு, தம்பி, ஓலை வீடு இல்லை, கல்வீடும் இல்லை என்று விளக்கியபோது எங்கள் இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதே வாரத்தில் படுவான்கரையில் இரவில் இறங்கிய காட்டு யானை ஒன்று ஒரு விவசாயியின் வாழைத்தோட்டத்தை அழித்தது. "யானை கிராமத்துக்குள் நுழைந்தது" என்ற என் செய்தியைப் பக்கம் அமைத்தவர் தேர்தல் களம் என்ற பகுதியில், வேட்பாளர்களின் கூட்டச் செய்திகளுக்கு நடுவே வைத்துவிட்டார். ஊரெல்லாம் சிரித்தது. எனக்கு மட்டும் சிரிக்க மனம் வரவில்லை. எண்பது வாழை போவது அந்தக் குடும்பத்துக்கு எத்தகைய இழப்பு என்பதை நேரில் பார்த்தவன் நான். மன்னிப்புக் கேட்பதற்காகப் பத்திரிகையுடன் அவருடைய வாடிக்குப் போனேன். அவர் பக்கத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "மறுகா என்ன தம்பி, வோட்டுக் கேட்டு வந்த எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போனாங்க, இது ஒண்டுதான் சொல்லாம வந்து திண்டுட்டுப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் கடைப்பிடித்த வழக்கம் அதுவே: இழந்தவர் முதலில் சிரிக்காத எந்தச் சம்பவத்தையும் நான் வெளியில் சொன்னதில்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளியில் மரங்கள் வீடுகளின்மீது விழுந்தபோது நம்மில் யார் சிரித்தோம்?

தாய்மாரின் அச்சத்தைப் பற்றிச் சொன்னீர்கள். 2004 மே 31 ஆம் திகதி மட்டக்களப்பு நகரில் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக்கொல்லப்பட்டார். 2005 ஏப்ரல் இறுதியில் மட்டக்களப்பு மண்ணில் பிறந்த பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் கொழும்பில் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் நாங்கள் தேநீர்க் கடையில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சிரித்தோம். பிள்ளைகளிடம் இந்த இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டு, அதன் பிறகு யானைக் கதையைச் சொல்லுங்கள்.

அக்கரைப்பற்று உதவி ஆசிரியர் எழுதியது:

அண்ணன் சொன்ன யானைச் செய்தியை நாங்கள் அலுவலகத்தில் இன்றும் பேசுகின்றோம் என்பதை அவருக்குத் தெரிவிக்க விரும்புகின்றேன். நானும் கொழும்பில் பிரதி திருத்தும் மேசையில் இருப்பவன். ஆகவே மறுபக்கத்திலிருந்து சில வார்த்தைகள்.

எங்கள் மேசையில் யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், புத்தளத்தார், கொழும்பிலேயே பிறந்தவர் எல்லோரும் இருக்கின்றார்கள். ஒவ்வொருவரும் தம் ஊர்த் தமிழையே பொதுத் தமிழ் என்று மனமார நம்புவதால், கிழக்கிலிருந்து வருகின்ற வேளாண்மைச் செய்திகள் அங்கே படுகின்ற பாடு தனிக் கதை. ஒரு பெரும்போகச் செய்தியில், "வயலின் முல்லைக்காரர் தெரிவித்தார்" என்று நிருபர் எழுதியிருந்தார். நம் பக்கத்தில் போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், வயலைப் பொறுப்பாக நின்று பார்ப்பவரை முல்லைக்காரர் என்போம் அல்லவா? நல்லெண்ணம் கொண்ட என் நண்பர் ஒருவர் அதை, "முல்லைத்தீவைச் சேர்ந்த ஒருவர் தெரிவித்தார்" என்று திருத்திவிட்டார். அதே செய்தியில் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் போடியார் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துவிட்டிருந்தது. "போடி யார் இதனை மறுத்தார்" என்ற வரியைப் பார்த்த எங்கள் மூத்த ஆசிரியை, இது கேள்வியா, வசவா, செய்தியா என்று எழுந்து நின்று கேட்டார். அன்று முதல் கிழக்கின் வேளாண்மைச் சொற்களை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கின்றேன். வட்டவிதானை (வயற்பகுதிக்குப் பொறுப்பானவர்), களவெட்டி (சூடு மிதிக்கும் களம்), முல்லைக்காரர் எல்லாம் அதில் உண்டு. இப்போது மலையகத்து நண்பர்கூடப் பேச்சில் களவெட்டி என்கின்றார்.

ஊர்ப் பெயர்கள் இதைவிட வில்லங்கமானவை. புதுக்குடியிருப்பு என்றால் மேசையில் உள்ள அனைவரும் முல்லைத்தீவை நினைப்பார்கள். ஆரையம்பதிக்குத் தெற்கேயும் ஒன்று இருப்பதை நான் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். நாவற்குடா மட்டக்களப்பில், நாவற்குழி யாழ்ப்பாணத்தில். சுவாமி விபுலானந்தர் 1892 இல் பிறந்த காரைதீவை, யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் காரைநகர் என்று மாற்றினார். அந்த ஊருக்கும் முற்காலத்தில் காரைதீவு என்றே பெயர் இருந்ததால் அவர் பக்கம் நியாயம் இல்லாமலும் இல்லை. தேநீர் நேரம் முழுவதும் விவாதித்து, கடைசியில் அவர் தோற்று, எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தந்தார்.

பாலமுனை இரண்டு இருப்பதை அறியாத புதிய நிருபர் ஒருவர், அட்டாளைச்சேனைக்கு அருகிலுள்ள பாலமுனையில் நடந்த நூலகத் திறப்புக்குப் போக வேண்டியவர், காத்தான்குடிக்கு அருகிலுள்ள பாலமுனையில் இறங்கிவிட்டார். பாடசாலை வாசலில் நின்று நூலகம் எங்கே என்று கேட்டவரை ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்து, "மகன், நீங்க தேடுற பாலமுனை இன்னும் தெக்கால இரிக்கி. ஆனா சோறு இஞ்ச ஆகிட்டு" என்றாராம். சாப்பிட்டுவிட்டு அவர் போய்ச் சேர்ந்தபோது திறப்பு முடிந்திருந்தது. ஆனால் அவர் எழுதிய செய்தியைவிட அந்தப் பெரியவரைப் பற்றி அவர் எழுதிய சிறு குறிப்பைத்தான் வாசகர்கள் பாராட்டினார்கள்.

ஆரையம்பதி அக்கா எழுதியது:

நான் பத்திரிகையாளர் அல்ல. கொழும்பில் நிருபராக இருக்கின்ற ஒருவனின் தமக்கை. குடும்பத்தாரும் எழுதலாம் என்று கேட்டிருந்ததால் எழுதுகின்றேன்.

எங்கள் அம்மா கண்ணாடி இல்லாமல் தலைப்புகளைக்கூட வாசிக்க மாட்டார். ஆனால் தம்பியின் பெயர் எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தாலும் விரலை வைத்துக் காட்டிவிடுவார். மூன்று நாள்கள் பெயர் வராவிட்டால் அவனுக்குக் காய்ச்சல் என்பது அவருடைய முடிவு, உடனே அழைத்து, "சாப்பிட்டியா மனே?" என்று தொடங்குவார். ஒரு முறை அவன் பெயர் போடாமல் பெரிய விசாரணைச் செய்தி ஒன்றில் ஒரு மாதமாக ஈடுபட்டிருந்தான். அம்மாவைச் சமாளிக்க முடியாமல், வாராந்தப் பகுதிக்குத் தென்னை மரத்துக்கு உப்பு இடுவதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதிப் பெயருடன் வெளியிட்டான். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த கிழமை அயலில் உள்ளவர்கள் எல்லோரும் தென்னை பற்றிய சந்தேகங்களுடன் எங்கள் வாசலுக்கு வந்தார்கள்.

அவன் ஊருக்கு வந்து உதயதேவி ரயிலில் கொழும்புக்குத் திரும்பும் நாளில், அலுவலகத்தாருக்கென்று தயிர்ச்சட்டிகள் இரண்டு போகும். பெட்டியில் அருகில் இருப்பவர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு யோசனை சொல்லி அந்தச் சட்டிகளைக் காப்பார்களாம். பொலன்னறுவை தாண்டும்போது அவன் நித்திரையாகிவிட்டான். கண்விழித்தபோது, முன்பின் அறியாத ஒரு சிங்கள அம்மா இரண்டு சட்டிகளையும் தம் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கும் இடம் வந்தபோது ஒரு சட்டியை அவரிடமே கொடுத்துவிட்டான். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று நினைக்கின்றேன்.

வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர் எழுதியது:

நான் கொழும்பில் பிறந்தவன், கல்லடியில் பெண்ணெடுத்தவன். நிலவு இரவுகளில் மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து ஒலி எழுப்புவதாகச் சொல்லப்படும் பாடும் மீனைப் பற்றி இன்னும் ஒருவரும் எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கின்றது.

ஒரு பௌர்ணமிக்கு முன்னர் எங்கள் வார இதழின் பொறுப்பாசிரியர் என்னையும் ஒரு நிருபரையும் அழைத்து, "பாடும் மீன் பாடிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம் அட்டைக்கு வேண்டும்" என்று கேட்டார். அவர் உண்மையான ஆர்வத்துடன்தான் கேட்டார். 1848 இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி, நிலவொளியில் தோணியில் சென்று அந்த ஒலியைக் கேட்டு, ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுகின்ற மெல்லிய ஒலிக்கு அதை ஒப்பிட்டிருப்பதை வாசித்து, அதிலேயே மனம் தோய்ந்திருந்தார்.

1924 இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தின் அருகே, அறுபது வயதைக் கடந்த ஒரு தோணிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். நான் படக்கருவியைப் பொருத்தத் தொடங்கியதும், "தம்பி, இது படம் எடுக்கிற மீன் இல்ல, காது குடுக்கிற மீன்" என்று சொல்லி, துடுப்பை நீருக்குள் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைக்கச் சொன்னார். நிருபர் ஒலிப்பதிவுக் கருவியைத் துடுப்போடு சேர்த்துக் கட்டினார். நாற்பது நிமிடம் இருந்தோம். கொழும்புக்கு வந்து, முழு அலுவலகமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க, ஒலிப்பதிவைப் போட்டோம். "கேக்குதா தம்பி?" "இல்லண்ணே." "இப்ப?" "இல்லண்ணே." "வடிவாக் கேளுங்க, இப்ப கேக்குதா?" என்று அந்தப் பெரியவரின் அன்பான குரலும் நிருபரின் பதிலும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. எங்களுக்கு எப்படியாவது கேட்டுவிட வேண்டும் என்பதில் அவருக்கு எங்களைவிட ஆவல். அந்த ஆவலே ஒலியை மூடிவிட்டது. பொறுப்பாசிரியர் கண்ணீர் வரும்வரை சிரித்தார். கடைசி இரண்டு நிமிடங்களில் பெரியவர் வெற்றிலை போடத் தொடங்கியதால் பேச்சு நின்றது. அப்போது, மிக மெல்லியதாக, தம்புராவின் ஒரு நரம்பை எங்கோ தொலைவில் யாரோ தொடுவது போன்ற ஒலி வந்தது. சிரித்துக்கொண்டிருந்த அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அட்டையில் நாங்கள் போட்டது, துடுப்பின் முனையில் காதை வைத்திருக்கும் அந்தப் பெரியவரின் முகத்தைத்தான்.

வாவிக்கரை எழுதியது:

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. களுவாஞ்சிகுடி ஐயா சொன்ன ஒழுங்கிலேயே பேசப் போகின்றேன்: முதலில் அந்த இரண்டு பெயர்கள், பிறகு மரமும் வீடும் யானையும். அக்கரைப்பற்று அண்ணனின் சொல் பட்டியலை அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்க அனுமதி வேண்டும். ஆரையம்பதி அக்காவின் அம்மா கதையைத் தாய்மாரும் வந்து கேட்கும்படி செய்யுமாறு ஆசிரியையிடம் இன்றே சொல்லிவிட்டேன். படப்பிடிப்பாளர் அண்ணா, அந்த ஒலிப்பதிவு இன்னும் உங்களிடம் இருக்கின்றதா? வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட விரும்புகின்றேன்.

வெள்ளவத்தைப் படப்பிடிப்பாளர் எழுதியது:

இருக்கின்றது, தங்கச்சி. இன்றிரவே அனுப்புகின்றேன். கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் வெட்டி அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன். பிறகு மனம் மாறிவிட்டது. "கேக்குதா தம்பி?" என்ற குரலோடு நாற்பது நிமிடத்தையும் முழுமையாக அனுப்புகின்றேன்.